பக்தியான நண்பன் போயிட்டா அவனை எப்படி நினைச்சுக்கிறது (தப்புப் பண்ணிப் பண்ணி நான் கத்துக்கிட்டது)

நான் பெரிய சாமி கும்பிடுறவன் கிடையாது. வீட்ல கார்த்திகைக்கு விளக்கு ஏத்துனா பக்கத்துல நிப்பேன், திருச்செந்தூர் போனா கடல்ல குளிப்பேன், அவ்வளவுதான். ஆனா 22 வருஷம் எனக்குப் பக்கத்து சீட்ல இருந்தவன் அப்படி இல்ல, வேதக்காரன் (எங்க பக்கம் கிறிஸ்டியனை அப்படித்தான் சொல்லுவோம்), அதுலயும் ஊறிப்போன வேதக்காரன். காலைல 5.30 பூசை (சர்ச்சுல நடக்குற திருப்பலி) பாக்காம ஆபீசுக்கு வரமாட்டான், பஸ்ல ஏறி உக்காந்தா கை தானா சட்டைப் பைக்குள்ள போயி ஜெபமாலையைத் தேடும், வாய் மட்டும் அசையும், நான் பக்கத்துல உக்காந்து கிரிக்கெட் ஸ்கோர் பாத்துக்கிட்டு இருப்பேன். தூத்துக்குடியில துறைமுகத்துப் பேப்பர் வேலை பாக்குற ஒரு கிளியரிங் ஆபீஸ், அங்கதான் ரெண்டு பேரும். 2023 ஏப்ரல் 18, செவ்வாய்க்கிழமை போயிட்டான். அந்தோணியார் கிழமையில போயிட்டான் பாருங்கன்னு அவங்க வீட்ல எல்லாரும் சொன்னாங்க, எனக்கு அப்ப அது ஆறுதலாவே இல்ல, எரிச்சலாத்தான் இருந்துச்சு.

அவன் போனதுக்கப்புறம் என்னென்னவோ பண்ணிப் பாத்தேன், பாதி சொதப்பிருச்சு, மீதி சரியா வந்துச்சு. நம்மள்ல நிறைய பேருக்கு இந்த நிலைமை வரும், நம்ம ஒரு மதம், கூட்டாளி இன்னொரு மதம், இல்லன்னா நமக்கு நம்பிக்கையே இல்ல, அவனுக்கு அதுதான் மூச்சு. அவன் போனதும் கை எங்க வைக்கிறதுன்னு தெரியாம நிப்போம். அதுக்குத்தான் இதை எழுதுறேன்.

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடுறேன், மத்ததெல்லாம் இதுலேர்ந்துதான் வருது. அவன் செத்தவங்களை எப்படி நினைச்சானோ அப்படித்தான் அவனை நீங்க நினைக்கணும். நமக்குத் தோதான வழியில இல்ல. அவன் இருந்தப்ப எங்க அப்பா இறந்துபோனாரு, பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து கடைசி வரை இருந்தான், பந்தியில பரிமாறினான், ஆனா அதோட விடல, அவங்க கோயில்லயும் எங்க அப்பா பேருக்குப் பூசை குடுத்திருக்கான், எனக்கே அது ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரியும். எங்க முறையிலயும் நின்னான், அவன் முறையிலயும் செஞ்சான். அதை நினைச்சப்பதான் எனக்கு வழி புரிஞ்சுது.

முதல்ல அவன் எந்த சபைன்னு சரியாத் தெரிஞ்சுக்கோங்க. கிறிஸ்டியன்னா எல்லாம் ஒண்ணுதானேன்னு நினைச்சுறாதீங்க, நான் அப்படி நினைச்சு அசிங்கப்பட்டேன். ஆர்.சி.க்காரங்க, அதாவது ரோமன் கத்தோலிக்கர்கள், செத்தவங்களுக்காக ஜெபம் பண்ணுவாங்க, அவங்க கணக்குல செத்த ஆத்துமா நேரா மோட்சம் போயிருக்கணும்னு இல்ல, உத்தரிக்கிற ஸ்தலத்துல (மோட்சத்துக்கு முன்னாடி ஆத்துமா சுத்தமாகுற இடம்) இருக்கலாம், பூமியில இருக்கிறவங்க வேண்டிக்கிட்டா அதுக்கு உதவும். மக்கபேயர் இரண்டாம் புத்தகத்துல 12-ஆம் அதிகாரத்துல போர்ல செத்த வீரர்களுக்காக யூதா மக்கபே வெள்ளிக்காசு வசூல் பண்ணி எருசலேமுக்குப் பலி ஒப்புக்குடுக்க அனுப்புற கதை வரும், அதைத்தான் எடுத்துக் காட்டுவாங்க. அந்தப் புத்தகம் ஆர்.சி. பைபிள்ல இருக்கு, 73 புத்தகம் உள்ளது அது. சி.எஸ்.ஐ.காரங்க (தென்னிந்தியத் திருச்சபை), பெந்தெகொஸ்தே சபைக்காரங்க வச்சிருக்கிற 66 புத்தக பைபிள்ல அது இல்ல, செத்தவங்களுக்காக வேண்டிக்கிற வழக்கமும் பொதுவா இல்ல, அவங்க நினைவுக் கூட்டம் வச்சு அவரோட வாழ்க்கைக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லுவாங்க. எங்க ஆபீஸ்ல இன்னொருத்தரோட அம்மா இறந்தப்ப நான் ரொம்பத் தெரிஞ்சவன் மாதிரி "உங்க அம்மாவுக்கு ஒரு பூசை எழுதிருவோமா சார்"னு கேட்டேன், அவர் சி.எஸ்.ஐ. மனுசன் சிரிச்சுக்கிட்டே "வேண்டாம் தம்பி, அம்மா பத்திரமாப் போய்ச் சேந்துட்டாங்க"ன்னாரு. நல்லவேளை அவர் நல்ல மனுசன். இதே மாதிரிதான் முஸ்லிம் கூட்டாளின்னாலும், சில குடும்பத்துல 40-ஆம் நாள் பாத்திஹா ஓதுவாங்க, சில குடும்பத்துல அதெல்லாம் கூடாதுன்னு துஆவோட, தர்மம் குடுக்கிறதோட நிறுத்திக்குவாங்க. வீட்ல கேக்காம நம்மளா எதையும் ஏற்பாடு பண்ணக் கூடாது. இனிமே நான் சொல்றது ஆர்.சி. முறை, எனக்குத் தெரிஞ்சது அதுதான்.

பூசை குடுக்கிறது எப்படின்னு சொல்றேன், இது ரொம்ப சிம்பிள், ஆனா யாரும் நமக்கு சொல்லித் தரமாட்டாங்க. அந்தப் பங்குக் கோயில் (அவன் வட்டாரத்து சர்ச்) ஆபீசுக்குப் போகணும், இல்ல சாமியாருக்கு உதவியா இருக்கிற உபதேசியார்கிட்ட, சில இடத்துல சிஸ்டர்கிட்ட. இன்னார் ஆத்துமா இளைப்பாற்றிக்காகப் பூசை, இன்ன தேதி, காலைப் பூசையா சாயங்காலப் பூசையான்னு சொல்லி காணிக்கை குடுத்தா நோட்டுல எழுதிக்குவாங்க, காணிக்கை எவ்வளவுங்கிறது ஊருக்கு ஊரு மாறும், கேட்டா சொல்லுவாங்க. நாம வேற மதம்னு யாரும் விரட்ட மாட்டாங்க. அன்னைக்குப் பூசையில அவன் பேரை வாசிப்பாங்க.

இங்கதான் நான் கோட்டை விட்டேன். அவன் பொறந்தநாளைக்குப் பூசை குடுக்கப் போனேன், பேரு சொன்னேன், எழுதிக்கிட்டாங்க, மறுநாள் காலைல போயி பின் பெஞ்சுல உக்காந்து அவன் பேரு வந்ததும் கண்ணு கலங்கி, எல்லாம் நல்லாத்தான் போச்சு. வெளிய வந்தா ஒரு ஆச்சி என் கையைப் பிடிச்சுக்கிட்டு "எங்க வீட்டுக்காரருக்குப் பூசை குடுத்தது நீயாய்யா, நீ யாரு மகன்"ங்குது. ஏன்னா நம்ம தூத்துக்குடி கடற்கரைத் தெருவுல அந்தோணி, சேவியர், பர்னாந்துன்னு கூப்பிட்டா தெருவுக்கு நாலு பேரு திரும்பிப் பாப்பாங்க, இவன் பேரும் அந்த ரகம்தான். அதனால ஞானஸ்நானப் பேரு முழுசா, அப்பா பேரு, முடிஞ்சா வீட்டு அடையாளம் எல்லாம் சேத்துக் குடுங்க. அந்த ஆச்சிகிட்ட நான் ஆமான்னும் சொல்லல இல்லன்னும் சொல்லல. பூசை ரெண்டு பேருக்கும் போய்ச் சேந்திருக்கும்னு மதினி பின்னால சொன்னாங்க (அவன் என்னைவிட ஒரு வயசு மூத்தவன், அதனால அவன் வீட்டம்மா எனக்கு மதினி).

கோயிலுக்குள்ள எப்படி நடந்துக்கிறதுன்னு பயப்படாதீங்க. வாசல்ல செருப்பு கிடந்தா நீங்களும் கழட்டுங்க. பின்னாடி உக்காருங்க, முன்னாடி இருக்கிறவங்க எந்திரிச்சா எந்திரிங்க, முழங்கால் போடும்போது முடியலன்னா சும்மா உக்காந்திருக்கலாம் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நடுவுல ஒருத்தருக்கொருத்தர் திரும்பி சமாதானம் சொல்லிக்குவாங்க, கை கூப்பினாப் போதும். நற்கருணை (சாமியார் குடுக்குற அப்பம்) வாங்க எல்லாரும் வரிசையா எந்திரிச்சுப் போவாங்க, அங்க மட்டும் நீங்க போகக் கூடாது, அது அவங்க விசுவாசத்துல ஆயத்தம் பண்ணி வாங்குறது. எனக்கு இது அவன் கல்யாணத்துலயே தெரிஞ்சுபோச்சு, பூசையில எல்லாரும் வரிசையில நிக்கிறாங்களேன்னு நானும் போயி நின்னேன், முன்னாடி மாப்பிள்ளைச் சேர்ல கோட்டு சூட்டோட முழங்கால்ல இருந்தவன் தலையை மட்டும் திருப்பிப் பல்லைக் கடிச்சுக்கிட்டு "ஏல, அது சுண்டல் இல்ல, போயி உக்காரு"ன்னான். இன்னைக்கும் அந்த வரிசையைப் பாத்தா அந்தக் குரல் கேக்குது.

நாள் கணக்கு ஒண்ணு இருக்கு. அடக்கம் முடிஞ்சு மூணாம் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள், அப்புறம் வருசப் பூசை. எங்க பக்கம் முப்பதாம் நாளைத்தான் பெருசா செய்வாங்க, பூசை முடிஞ்சு கல்லறைக்குப் போயி மந்திரிச்சுட்டு வீட்ல சாப்பாடு. இந்த நாள்கள்ல நீங்க செய்ய வேண்டியது ரொம்பக் கொஞ்சம், ஆஜராகணும் அவ்வளவுதான், முடிஞ்சா சேர் எடுத்துப் போடுறது, தண்ணி கேன் சொல்றது, பந்தி முடியுற வரைக்கும் இருக்கிறது. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கணும்னு ஆபீஸ்ல பசங்க கிளம்புனாங்க, நான் தடுத்துட்டேன், போஸ்டர்ல தன் மூஞ்சி ஒட்டுறதை அவன் இருந்தப்பவே ஒத்துக்கிட மாட்டான், அந்தக் காசைப் பின்னால வேற வழியில செலவு பண்ணோம், சொல்றேன்.

வருசப் பூசைக்கு முன்னாடி காலண்டரைப் பாத்துருங்க. ரெண்டாம் வருசம், 2025 ஏப்ரல் 18, நான் ஒரு மாசம் முன்னாடியே போயி எழுதி வச்சிரலாம்னு ஆபீஸ்ல போயி நின்னா, அங்க இருந்த பையன் சிரிக்கிறான், அண்ணே அன்னைக்குப் பெரிய வெள்ளிண்ணே. பெரிய வெள்ளிக்கிழமை உலகத்துல எந்த ஆர்.சி. கோயில்லயும் பூசை கிடையாதாம், வருசத்துல அன்னைக்கும் மறுநாள் சனிக்கிழமை பகலும் அப்படித்தான். அதனால அன்னைக்கு சும்மா சிலுவைப்பாதைக்குப் போனேன், இயேசு சிலுவை சுமந்து போனதை நினைச்சு நின்னு நின்னு ஜெபம் பண்ற 14 நிலை, ஒவ்வொரு நிலையிலயும் முழங்கால், வெயில்னா வெயில், மூணாவது நிலையிலேயே எனக்கு முட்டி விட்டுப்போச்சு, இவன் எப்படி வருசா வருசம் இதைப் பண்ணிட்டு சனிக்கிழமை டூட்டிக்கு வந்தான்னு ஆச்சரியமா இருந்துச்சு. பூசையை அடுத்த வாரத்துக்கு எழுதிக்கிட்டோம், அந்த வாரம் போறதுக்குள்ள போப் பிரான்சிஸ் இறந்துட்டாரு, ஏப்ரல் 21, ஈஸ்டருக்கு மறுநாள். கோயில்ல போப் படத்துக்கு மாலை போட்டு மெழுகுதிரி ஏத்தியிருந்தாங்க. மதினி என்கிட்ட மெதுவா, "பெரிய ஆள்கூட சேத்து ஜெபம் கிடைக்குது பாருங்க தம்பி"ன்னாங்க, அவ்வளவு அழுகைக்கு நடுவுலயும் சிரிப்பு வந்துருச்சு ரெண்டு பேருக்கும்.

ஜெபமாலை பத்தி. அவன் கையில வச்சிருந்த ஜெபமாலை அவனோடயே போயிருச்சு, பெட்டியில வைக்கும்போது விரல்ல சுத்தித்தான் வைப்பாங்க. வீட்ல இன்னொண்ணு பழசு இருந்துச்சு, ஒரு மணி உடைஞ்சு அந்த இடத்துல சட்டைப் பித்தான் ஒண்ணு கோத்திருந்தான், அதை மதினி எனக்குக் குடுத்தாங்க. இந்த மாதிரி ஒரு பொருள் உங்க கைக்கு வந்தா கண்ணாடி பீரோவுல வைக்காதீங்க. ஒரு தடவையாவது உக்காந்து சொல்லிப் பாருங்க, நம்பிக்கை இல்லன்னாலும் பரவாயில்ல, அவன் தினம் பண்ணுனது என்னன்னு தெரிஞ்சுக்கவாவது. அஞ்சு பத்து, மொத்தம் 53 மணின்னு சொல்லுவாங்க, ஒவ்வொரு பத்துக்கும் ஒரு தேவ ரகசியம் (இயேசு, மாதா வாழ்க்கையில நினைச்சுப் பாக்குற ஒரு சம்பவம்), திங்கள் சனி மகிழ்ச்சி, செவ்வாய் வெள்ளி துயரம், புதன் ஞாயிறு மகிமை, வியாழக்கிழமைக்கு ஒளி, இந்தக் கடைசி ஒண்ணு போப் ஜான்பால் 2002-ல சேத்தது. நிதானமாச் சொன்னா இருபது நிமிஷம் ஆகும். எனக்கு முதல் தடவை பத்து மணிக்குள்ளயே மனசு எங்கயோ போயிருச்சு, கரண்ட் பில் கட்டலையேன்னு. ஆனா அந்தப் பித்தான் விரல்ல படும்போது மட்டும் டக்குன்னு அவன் வந்து நின்னான். அதுக்கப்புறம் பஸ்ல சில நாள் சும்மா கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன், வாய் அசையாது, ஸ்கோரும் பாக்க மாட்டேன்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன்.

அவன் போயி ஒரு நாப்பது நாள் இருக்கும், மதினி கூப்பிட்டு ஒரு கவர்ல அவன் ஆபீஸ் சாமான் எல்லாம் குடுத்தாங்க, சீல், பேனா, ஐ.டி. கார்டு, கூட அந்தக் குட்டி டைரி. ஏதோ மருந்துக்கடை இனாமாக் குடுத்த 2019 டைரி, மேல ரப்பர் பேண்ட் போட்டது, மூலையெல்லாம் வேர்வையில ஊறிக் கருத்துப்போயிருந்துச்சு. இத்தனை வருஷம் அதை நான் செலவுக் கணக்குன்னு நினைச்சிருந்தேன். தொறந்தா தேதியைப் பத்திக் கவலையே படாம வரிசையாப் பேரு. நீல மை. ஒவ்வொரு பேருக்கு நேராவும் ஒரே ஒரு வார்த்தை. பரீட்சை. கடன். குடி. வரன். குழந்தை. கேஸ். காரியம் நடந்திருந்தா பக்கத்துல ஒரு டிக். சிலதுக்கு டிக் இல்ல, ஆனா மேல மேல எழுதி எழுதி மை தடிச்சு பேப்பர் பள்ளமாயிருந்துச்சு. எங்க அம்மா பேரு இருந்துச்சு, நேரா "கண்", டிக். அம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷன்னு நான் ஒரே ஒரு தடவை டீக்கடையில சொல்லியிருப்பேன், அதுவும் லீவு எதுக்குலேன்னு கேட்டான்னு சொன்னது. ரெண்டு பக்கம் தள்ளி என் பேரு. நேரா ஒண்ணுமே எழுதல. டிக்கும் இல்ல.

என்ன எழுத நினைச்சான்னு இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

பக்தியான ஆளுங்க நிறைய பேரு இப்படி ஒரு லிஸ்ட் வச்சிருப்பாங்க, டைரியில, பைபிள் ஓரத்துல, காலண்டர் பின்னாடி. கிடைச்சா என்ன செய்யணும்னு கேட்டா, முதல்ல செய்யக் கூடாததைச் சொல்றேன். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போடாதீங்க, அதுல இருக்கிற ஒவ்வொண்ணும் யாரோ அவனை நம்பிச் சொன்ன ரகசியம், இன்னாருக்கு நேரா குடின்னு எழுதியிருக்கிறது ஊருக்குத் தெரிஞ்சா செத்தவன் மானமும் போச்சு உயிரோட இருக்கிறவன் மானமும் போச்சு. வீட்டுக்காரங்க குடுத்தா வாங்குங்க, திருப்பிக் கேட்டா குடுத்துருங்க. அப்புறம் அந்த லிஸ்டைத் தொடரப் பாருங்க, உங்களால முடிஞ்ச மாதிரி. எனக்கு ஜெபம் வராது, போன் பண்ண வரும். அதுல எனக்குத் தெரிஞ்ச பேரு 11 இருந்துச்சு, மாசத்துக்கு ஒரு தடவை, பெரும்பாலும் முதல் ஞாயித்துக்கிழமை, ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு எப்படி இருக்கீங்கன்னு கேப்பேன். டைரியைப் பத்தி வாயைத் தொறக்கிறதில்ல. முதல்ல என்ன விஷயமா கூப்பிட்டீங்கன்னு சந்தேகமாக் கேட்டாங்க, ஒருத்தர் நான் எல்.ஐ.சி. பிடிக்கத்தான் கூப்பிடுறேன்னு நினைச்சு மூணு மாசம் போனையே எடுக்கல. இப்ப அவரே கூப்பிடுறாரு.

அடுத்தது காசு விஷயம். அவன் பேருல ஏதாவது செய்யணும்னு ஆசை வரும், எல்லாரும் உடனே ஆசிரமத்துல ஒருநாள் சாப்பாடுன்னு போவாங்க, நல்லதுதான், ஆனா அவன் உயிரோட இருந்தப்ப எங்க குடுத்தான்னு முதல்ல விசாரிங்க. இவன் வின்சென்ட் தே பவுல் சபையில இருந்தான், நிறைய பங்குல இருக்கு அது. 1833-ல பாரிஸ்ல ஓசானாம்னு 20 வயசு காலேஜ் பையன் கூட்டாளிங்களோட சேந்து ஆரம்பிச்சது, நீங்க சும்மா பேசத்தானே செய்றீங்க ஏழைகளுக்கு என்ன செஞ்சீங்கன்னு யாரோ கேட்டது சுருக்குன்னு தைச்சு வேலையில எறங்கிட்டானுங்க. இப்பவும் அதே முறைதான், கஷ்டப்படுற வீட்டைத் தத்து எடுத்துக்கிட்டு ரெண்டு ரெண்டு பேரா வீட்டுக்கே போயிப் பாப்பாங்க, கூட்டம் முடியும்போது ஒரு பை சுத்தி வரும், கையை உள்ள விட்டுப் போடுறதால யாரு எவ்வளவு போட்டாங்கன்னு பக்கத்துல இருக்கிறவனுக்குக்கூடத் தெரியாது. போஸ்டர் காசு மிச்சம் பண்ணோம்னு சொன்னேன்ல, அதை அங்க குடுத்தோம், அவன் போய்க்கிட்டிருந்த ஒரு வீட்டுக்கு அரிசியும் மளிகையுமாப் போச்சு. பேரு போட்டு கல்வெட்டு வைக்கட்டுமான்னு ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டாரு. பேரு தெரியாமக் குடுத்தவனுக்குப் பேரு போட்டு கல்வெட்டாய்யா?

அவனை மகாத்மா ஆக்காதீங்க, இது ரொம்ப ரொம்ப முக்கியம். செத்த மூணாம் நாளே ஆளை சுரூபம் ஆக்கி மாடத்துல வச்சிருவோம் நாம. இவன் கேரம் போர்டுல கள்ளாட்டம் ஆடுவான், டீக்காசு குடுக்கிற நேரம் பாத்து போன் வரும், கோவம் வந்தா கப்பல் ஏஜென்ட்டை எல்லாம் நாறடிச்சிருவான். சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனம் (சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேக்குறது) பண்ணிட்டு வந்து திங்கக்கிழமை அதே ஏஜென்ட்டோட அதே சண்டை. நான் கேட்டேன், ஏல எதுக்கு அப்புறம் சாமியார்கிட்ட போயி முட்டி தேயுறன்னு, அதுக்கு அவன், "மக்கா, தினம் குளிக்கேல்ல, அழுக்கு திரும்ப வருதுன்னு விட்டுட்டியா"ன்னான். இந்த மாதிரி கதையை எழுதி வைங்க. நல்லவர் வல்லவர்னு எழுதாதீங்க, அது எல்லாருக்கும் பொருந்தும். என்ன சொன்னான், எந்த இடத்துல, என்ன சட்டை போட்டிருந்தான், அவ்வளவு போதும். வாட்ஸ்அப்ல அவன் அனுப்புன வாய்ஸ் மெசேஜ் இருந்தா இன்னைக்கே எடுத்து வேற எங்கயாவது போட்டு வைங்க, நான் போனை மாத்தும்போது அஞ்சாறு வருஷத்துது மொத்தமாப் போச்சு, மிஞ்சினது ஒண்ணே ஒண்ணு, 14 செகண்ட், "ஏல பனிமய மாதா கொடியேத்தம் இருபத்தாறு, லீவைப் போட்டுரு, என் வீட்லதான் சாப்பாடு." ஜூலை 26 கொடி ஏறி ஆகஸ்ட் 5 வரைக்கும் எங்க ஊரே மாதா கோயில்லதான் கிடக்கும், சாதி மதம் ஒண்ணும் கிடையாது. போன ஜூலையில அந்த மெசேஜைக் கேட்டுட்டு லீவு போட்டேன். மதினி வீட்ல சாப்பாடும் போட்டாங்க.

வீட்டுக்காரங்ககிட்டப் பேசும்போது "ஆண்டவர் சித்தம், அழாதீங்க"ன்னு நாம சொல்லக் கூடாது. அவங்களே சொல்லிக்கிட்டா சரின்னு கேட்டுக்கலாம், நாம வெளிய இருந்து எடுத்துக் குடுக்கிறது வேற. அதே மாதிரி "இவ்வளவு ஜெபம் பண்ணியும் காப்பாத்தலையே உங்க சாமி"ன்னும் வாய் தவறிக்கூட வரக் கூடாது, எனக்கு உள்ளுக்குள்ள அந்தக் கேள்வி கொதிச்சுக்கிட்டே இருந்துச்சு, டயாலிசிஸ்ல கிடக்கும்போதும் அவன் ஜெபம் பண்ணிக்கிட்டுத்தான் கிடந்தான். ஒருநாள் அவன்கிட்டயே கேட்டுட்டேன். "நான் பிழைக்கிறதுக்கா வேண்டுதேன்னு நினைச்சே"ன்னான், அதோட கண்ணை மூடிக்கிட்டான். அதுக்கு மேல நான் கேக்கல.

நேர்ச்சை பாக்கி இருக்கான்னு மெதுவாக் கேளுங்க. இவனுக்கு இருந்துச்சு, மக பிளஸ் டூ பாஸானா புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்குக் குடும்பத்தோட வர்றேன்னு நேந்திருந்தான், அவ பாஸாகும்போது இவன் இல்ல. ஒரு செவ்வாய்க்கிழமை நான் வண்டி ஏற்பாடு பண்ணி எல்லாரையும் கூட்டிட்டுப் போனேன், அந்தப் புள்ள வழி முழுக்க ஒரு வார்த்தை பேசல, திரும்பி வரும்போது மட்டும் "மாமா, அப்பா ஆபீஸ்ல எப்படி இருப்பாங்க"ன்னு கேட்டா. ஊரு வந்து சேர்ற வரைக்கும் சொல்லிக்கிட்டே வந்தேன், கேரம் போர்டு உள்பட.

கடைசியா நவம்பர் 2, கல்லறைத் திருநாள். வருசத்துல எதுக்கும் போகலன்னாலும் இதுக்குப் போயிருங்க. ஒரு வாரம் முன்னாடியே ஒருநாள் போயி புல்லைப் புடுங்கி, சுண்ணாம்பு அடிக்கணுமா, சிலுவையில பேரு அழிஞ்சிருக்கான்னு பாத்துக்கோங்க, நிறைய ஊர்ல கல்லறை நிரந்தரம் கிடையாது, இடம் பத்தாததால சில வருஷம் கழிச்சு அதே குழியில வேற ஆளை வச்சிருவாங்க, நிரந்தரமா வேணும்னா தனியாப் பணம் கட்டணும், அதனால வீட்ல அதை விசாரிச்சு வைக்கிறது நல்லது. அன்னைக்குப் பூ, ஊதுவத்தி, மெழுகுதிரி எல்லாம் கோயில் வாசல்லயே விப்பாங்க, விலை டபுளா இருக்கும், முதல்நாளே வாங்கிருங்க. சாயங்காலம் பூசை முடிஞ்சு சாமியார் தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்சுக்கிட்டே வருவாரு, அவர் உங்க வரிசைக்கு வரும்போது திரி எரிஞ்சுக்கிட்டு இருக்கணும். கடற்கரை ஊர்ல அதுதான் பெரும்பாடு. முதல் வருசம் ஒரு பாக்கெட் தீப்பெட்டி காலி, ஒரு திரி நிக்கல, பக்கத்துக் கல்லறைக்கார அக்கா ஒருத்தங்கதான் சொல்லிக் குடுத்தாங்க, ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலோட அடியையும் கழுத்தையும் வெட்டி எடுத்துட்டு, மண்ணுல நாலு விரல் ஆழம் பதிச்சு, உள்ள திரியை வைக்கணும். திரி குட்டையா தடியா இருக்கணும், நெட்டைத் திரின்னா பாட்டில் உருகிரும். காத்து வர்ற பக்கம் பூவைக் குமிச்சு வைங்க. பூப் பக்கத்துல ஊதுவத்தியைக் குத்தாதீங்க, காஞ்ச செவ்வந்தி பிடிச்சு எரிஞ்சிரும்.

இந்த வருசமும் கூட்டம் அள்ளும், நான் நாலு மணிக்கே போயிருவேன். பாட்டில் எட்டு வெட்டி வச்சாச்சு. டைரியும் வரும். போன வருசம் மாதிரியே எல்லாரும் போனதுக்கப்புறம் கல்லறை ஓரத்துல உக்காந்து அவனுக்கு சேதி சொல்லணும், வரன் முடிஞ்சிருச்சுலே, பரீட்சை பாஸ், கடன் பாதி அடைச்சாச்சு, குடி இன்னும் அப்படியேதான் இருக்கு.